கூப்பிட்டா எழுந்திரிக்காத போன், கூப்பிடாமலே எழுந்திரிக்கிற போன்



போன மாதம் ஒரு குழுவின் வாரக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து, உள்கடன் கேட்டவர்களின் தேவையைப் பேசிக் கொண்டிருந்தார்கள். ஒரு சகோதரியின் முறை வந்தது. கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைத் திருகிக் கொண்டே இருந்தார். பிறகு மெதுவான குரலில், தோட்டை அடகு வைத்தது யார், அந்தப் பணம் எங்கே போனது என்று சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் எல்லோரும் அமைதியாகக் கேட்டுக் கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து, பாயின் மேல் கிடந்த ஒரு செல்போனில் வெளிச்சம் வந்தது. "மன்னிக்கவும், நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை" என்று ஒரு பெண் குரல் பேசியது.

யாரும் அதைக் கூப்பிடவில்லை. எந்தச் சொல்லைக் கேட்டு அது விழித்தது என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. முதலில் எல்லோரும் சிரித்து விட்டோம். பேசிக் கொண்டிருந்த சகோதரி மட்டும் சிரிக்கவில்லை. "இவ்வளவு நேரமும் இது கேட்டுக்கிட்டா இருந்துச்சு?" என்று கேட்டார். அதன் பிறகு அன்றைக்கு அவர் வாயே திறக்கவில்லை. எவ்வளவு கடன் வேண்டும் என்பதைக் கூட அடுத்த வாரம்தான் சொன்னார்.

அவருடைய கேள்விக்கு எங்களால் அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. படித்துப் பட்டம் வாங்கியவர்கள் என்று பேர், கையில் ஆளுக்கொரு போன் வேறு. வெட்கமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் தேடிப் படித்தும், விவரம் தெரிந்தவர்களைக் கேட்டும், எங்கள் போனிலேயே போட்டுப் பார்த்தும் தெரிந்து கொண்டதை இந்த இதழில் எழுதுகிறோம்.

பேசுகிற போன் நமக்கு எதற்கு?

வேண்டாத வேலை என்று ஒதுக்கி விட முடியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிற நம் உறுப்பினர்களுக்கு இது பெரிய உதவி. பேர் தேடிக் கண்டுபிடிக்கத் தெரியாத அம்மா, "மகளுக்குப் போன் போடு" என்று சொன்னால் போதும். பேசித் தேடுகிற வசதியைக் கூகுள் நிறுவனம் 2017 ஆகஸ்டில் தமிழுக்குக் கொண்டு வந்தது. அடுத்த வருஷம், 2018ல், அதன் உதவியாளர் தமிழிலேயே பதில் சொல்லவும் ஆரம்பித்தது. 2024 ஜூனில் ஜெமினி என்ற புதிய உதவியாளர் தமிழ் உள்பட ஒன்பது இந்திய மொழிகளில் வந்திருக்கிறது. ஆகவே உங்கள் போனில் பழைய பேர் போய்ப் புதுப் பேர் தெரிந்தால் போன் கெட்டுப் போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

இந்த உதவியாளரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதற்கு ஒரு சொல் இருக்கிறது. கூகுளுக்கு "ஓகே கூகுள்" அல்லது "ஹே கூகுள்". ஆப்பிள் போனில் 2011ல் வந்த உதவியாளரின் பேர் சிரி, அதை "ஹே சிரி" என்று கூப்பிடலாம். அமேசான் நிறுவனம் 2014ல் அமெரிக்காவில் விட்ட, டப்பா மாதிரி இருக்கிற கருவிக்கு "அலெக்சா". இதையெல்லாம் நாங்கள் "எழுப்பும் சொல்" என்று சொல்கிறோம். அந்தச் சொல்லைச் சொன்னால்தான் மற்றதைக் கேட்கும் என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். நம் சகோதரி கேட்ட கேள்வி சரியாக இங்கேதான் வருகிறது. கூப்பிட்டதும் எழுந்திரிக்க வேண்டும் என்றால், கூப்பிடுவதற்கு முன்னாடியே அது காதைத் திறந்து வைத்திருக்க வேண்டுமே?

ஆமாம். திறந்துதான் வைத்திருக்கிறது.

வாசல் நாய் மாதிரி

திண்ணையில் படுத்திருக்கிற நாயைப் பாருங்கள். கண் மூடியிருக்கும், காது மட்டும் நிமிர்ந்திருக்கும். நாம் பேசுகிற ஊர்க்கதை எதுவும் அதற்குப் புரியாது, ஞாபகமும் இருக்காது. தன் பேர் காதில் விழுந்தால் மட்டும் எழுந்து ஓடி வரும். போனுக்குள் இருக்கிற ஒரு சின்ன நிரல் இப்படித்தான் வேலை செய்கிறது. கடைசி ஒன்றிரண்டு நொடி சத்தத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, எழுப்பும் சொல்லின் ஓசை அதில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். இல்லையென்றால் அந்தச் சத்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைக் கேட்கும். அது வரைக்கும் போனை விட்டு எதுவும் வெளியே போவதில்லை. ஓசை பொருந்திவிட்டது என்று அது நினைத்த நொடியிலிருந்துதான் பெரிய வேலை ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு நாம் பேசுவது பெரும்பாலும் இன்டர்நெட் வழியாக அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குப் போய், எழுத்தாக மாறி, பதிலாகத் திரும்பி வருகிறது.

"நினைத்த நொடி" என்று எழுதினோம் பாருங்கள், சிக்கல் அதில்தான். நாய் ரொம்ப உஷாராக இருந்தால் இலை அசைந்தாலும் குரைக்கும். மந்தமாக இருந்தால் திருடன் உள்ளே வந்தாலும் எழுந்திரிக்காது. போனையும் எவ்வளவு உஷாராக வைப்பது என்று செய்கிற கம்பெனிதான் முடிவு செய்கிறது. உஷாரைக் கூட்டினால் கூப்பிடாமலே எழுந்திரிக்கும், குறைத்தால் கூப்பிட்டாலும் எழுந்திரிக்காது. இரண்டு தொந்தரவும் இல்லாத போன் இன்னும் வரவில்லை.

ஜெர்மனியில் போகும் என்ற ஊரின் ரூர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2020ல் இதைச் சோதித்தார்கள். பல கம்பெனிகளின் கருவிகளை வைத்து, அதன் முன்னால் டி.வி. தொடர்களையும் செய்திகளையும் ஓடவிட்டார்கள். தப்பாக எழுப்பி விடுகிற ஓசைகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. எலெக்‌ஷன் என்று சொன்னால் அலெக்சா விழிக்கிறது. "ஓகே கூல்" என்றால் கூகுள் விழிக்கிறது. "எ சிட்டி" என்றால் சிரி விழிக்கிறது. அவர்கள் சோதித்தது ஆங்கிலம், ஜெர்மன், சீனம். நம் தமிழில், அதுவும் நாம் குழுவில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் பேசுகிற தமிழில், என்னென்ன ஓசை எதை எழுப்பும் என்பதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அமெரிக்காவில் நடந்த சில கூத்துகளையும் சொல்ல வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று அலெக்சாவிடம் பொம்மை வீடு கேட்டது, அது நிஜமாகவே ஆர்டர் போட்டுவிட்டது. 2017 ஜனவரியில் இன்னொரு ஊர் டி.வி.யில் இதைச் செய்தியாக வாசித்தவர் அந்தக் குழந்தை சொன்ன மாதிரியே சொல்லிக் காட்ட, பார்த்துக் கொண்டிருந்தவர்கள் வீட்டுக் கருவிகளும் விழித்துக்கொண்டு ஆர்டர் போடப் பார்த்தன. அதே வருஷம் ஏப்ரலில் பர்கர் கிங் கம்பெனி, வேண்டுமென்றே "ஓகே கூகுள்" என்று சொல்லி விளம்பரம் எடுத்தது. வீட்டில் இருக்கிற கருவி எழுந்து அவர்கள் பர்கரைப் பற்றி வாசிக்க வேண்டுமாம்! கூகுள் அதைத் தடுத்து நிறுத்தியது. 2018ல் ஓரிகன் மாநிலத்தில் நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை. ஒரு கணவனும் மனைவியும் வீட்டில் சாதாரணமாகப் பேசியதை அலெக்சா பதிவு செய்து, கணவரிடம் வேலை பார்க்கிற ஒருவருக்கே அனுப்பிவிட்டது. ஏதோ ஒரு சொல் எழுப்பும் சொல் மாதிரி கேட்டது, அதற்கப்புறம் பேசியதைச் "செய்தி அனுப்பு" என்று புரிந்துகொண்டது என்று அமேசான் விளக்கம் சொன்னது.

அப்படியானால் மனுஷர் யாராவது கேட்கிறார்களா? இதையும் மறைக்காமல் சொல்கிறோம். 2019 ஜூலையில் பெல்ஜியம் நாட்டு ஒளிபரப்பு நிறுவனம் ஒன்று, கூகுளுக்காகப் பதிவுகளை எழுத்தாக்குகிற வேலை செய்தவர்கள் மூலம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைக் கேட்டது. அவற்றில் 153 பதிவுகள் யாரும் எழுப்பும் சொல்லைச் சொல்லாமலே பதிவானவை. அதே மாதம் ஆப்பிளின் சிரி பதிவுகளையும் ஒப்பந்த ஆட்கள் கேட்கிறார்கள் என்று செய்தி வந்தது. அது சம்பந்தமான வழக்கில் 2025 ஜனவரியில் 9 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள ஆப்பிள் ஒத்துக்கொண்டது, தப்பு செய்தோம் என்று மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தச் செய்திகளுக்குப் பிறகு, குரல் பதிவைச் சேமிக்கலாமா என்று நம்மிடம் முதலில் கேட்க வேண்டும் என்ற முறையைக் கூகுள் 2020ல் கொண்டு வந்தது. ஆனால் புதுப் போன் வாங்கினால் நம் வீட்டுப் பிள்ளைகள் வருகிற எல்லாக் கேள்விக்கும் "சரி, சரி, சரி" என்றுதானே அமுக்குகிறார்கள்.

அந்த ராத்திரி

கூப்பிடாமல் எழுந்தது ஒரு கதை. கூப்பிட்டும் எழாதது வேறு கதை. இது எங்கள் கூட்டமைப்பில் உள்ள ஒரு மூத்த உறுப்பினருக்கு நடந்தது. அவர் சம்மதத்தோடு, பேர் இல்லாமல் எழுதுகிறோம்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. கையெழுத்து மட்டும் குழுவில் சேர்ந்த பிறகு பழகியவர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. தீபாவளிக்கு வந்தபோது அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்து, "பேசினா போதும்மா, அதுவே போன் போடும்" என்று பழக்கிவிட்டுப் போனான். பகலில் நாலைந்து தடவை சொன்னால் ஒரு தடவை எழுந்திரிக்கும். "எனக்குத்தான் சொல்லத் தெரியல போல" என்று அவரும் விட்டுவிட்டார்.

மாசி மாதம் ஒரு ராத்திரி கணவருக்கு நெஞ்சு வலி. வியர்த்துக் கொட்டுகிறது. தலையை மடியில் வைத்துத் தாங்கிக்கொண்டு, அந்தப் பக்கம் கிடந்த போனைப் பார்த்து எழுப்பும் சொல்லைக் கத்துகிறார். எழுந்திரிக்கவில்லை. மறுபடி கத்துகிறார். அழுதுகொண்டே கத்துகிறார். கடைசியில் அவரைத் தரையில் படுக்க வைத்துவிட்டு மூன்று வீடு தள்ளி இருக்கிற ஊக்குநர் வீட்டுக்கு ஓடினார். ஊக்குநர் 108க்குப் போன் போட்டார். ஆண்டவன் புண்ணியத்தில் ஆள் பிழைத்துவிட்டார். இப்போது மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார்.

"சனியன், நான் கத்தினது ஊருக்கே கேட்டுச்சு, அதுக்கு மட்டும் கேக்கல" என்று எங்களிடம் சொன்னார்.

நாங்கள் அந்தப் போனை வாங்கிப் பார்த்தோம். முதல் காரணம் உடனே தெரிந்துவிட்டது. எழுப்பும் சொல்லை அமைக்கும்போது, போன் சில தடவை அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லும். சொல்கிறவரின் குரலை அடையாளம் வைத்துக்கொள்ளும். அன்றைக்குச் சொன்னது மகன். அதாவது அந்தப் போன் மகன் குரலுக்குத்தான் எழுந்திரிக்கும்படி பழக்கப்பட்டிருந்தது! அம்மா குரலுக்கு நாலைந்து தடவையில் ஒரு தடவை எழுந்ததே அதிகம். இது அம்மாவின் குற்றமும் இல்லை, உச்சரிப்பின் குற்றமும் இல்லை. இத்தனை நாளும் அவர் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது, சார்ஜ் குறைந்ததால் பேட்டரி சேமிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பல போன்களில் அது ஓடும்போது எழுப்பும் சொல்லைக் கேட்கிற வேலை நின்றுவிடும். மூன்றாவதை எங்களோடு வந்த களப்பணியாளர் கண்டுபிடித்தார். சார்ஜர் குத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். அதுதான் மைக், அதாவது போனின் காது. மாவு மில்லுக்கும் அடுப்படிக்கும் போய்வந்து அந்த ஓட்டை முழுக்க மாவும் பிசுக்கும். மென்மையான பழைய பல் தேய்க்கிற பிரஷ் எடுத்துத் தட்டி விட்டோம். ஊசியை விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே கெட்டுப்போகும்.

இதோடு இன்னொன்றும் உண்டு. பதறிக் கத்துகிற குரல் வேறு, நிதானமாகப் பேசுகிற குரல் வேறு. குரலைப் பழக்கும்போது நாம் பதறியா பேசினோம்? டி.வி. ஓடினாலோ மிக்சி ஓடினாலோ கூடக் கேட்காது. சிக்னல் இல்லாத இடத்தில் எழுந்தாலும் பதில் சொல்லாது.

ஆகவே அவசரத்துக்கு இதை நம்பி இருக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. அந்த அம்மாவுக்கு என்ன செய்தோம் என்றால், போனின் முதல் திரையிலேயே மகன் படம், மகள் படம், ஊக்குநர் படம் மூன்றையும் வைத்தோம். படத்தைத் தொட்டால் நேராகப் போன் போகும். நாலாவதாக ஆம்புலன்ஸ் படம் போட்டு 108. எழுத்தே வேண்டாம். பட்டன் போனாக இருந்தால் ஒரு எண்ணை நீளமாக அமுக்கினால் போன் போகிற மாதிரி வைக்கலாம். அதன் பிறகு அம்மாவையே பேசவைத்துக் குரலையும் பழக்கினோம். இப்போது எழுந்திரிக்கிறது. "இப்ப எழுந்திரிச்சு என்ன செய்ய" என்றுதான் அவர் சொன்னார்.

பேச நினைக்கும்போது எழுப்பும் சொல்லையே சொல்ல வேண்டும் என்று இல்லை. தேடுகிற பட்டையில் மைக் படம் இருக்கும். அதைத் தொட்டுவிட்டுப் பேசினால் போதும். இது எங்கள் அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது தடவை வேலை செய்கிறது. எழுப்பும் சொல்லை அணைத்து வைத்துவிட்டு மைக்கை மட்டும் பயன்படுத்துவதுதான் நமக்குத் தோதானது. சும்மா இருக்கும்போது காதைத் திறந்து வைக்கிற வேலையும் இல்லாமல் போகும்.

நம்ம தமிழ் அதுக்குப் புரியுதா?

எழுந்துவிட்டது, சரி. சொன்னதைப் புரிந்துகொள்கிறதா என்றால், பாதிக் கிணறுதான் தாண்டுகிறது. ஒரு குழுவின் கணக்காளர் தீர்மான நோட்டுக்கு எழுதுவதைப் போனில் பேசி எழுதிப் பார்த்தார். "சந்தா நூறு ரூபாய்" என்று சொன்னதை அது "சாந்தா நூறு ரூபாய்" என்று எழுதியது. அந்தக் குழுவில் சாந்தா என்று யாருமே இல்லை! படித்துப் பார்க்காமல் நோட்டில் ஏற்றியிருந்தால் தணிக்கைக்கு வருகிறவர் சாந்தாவைத் தேடி ஊரெல்லாம் அலைந்திருப்பார்.

காரணம் இல்லாமல் இல்லை. நாம் எழுதுகிற தமிழ் ஒன்று, பேசுகிற தமிழ் வேறு. பேசுகிற தமிழும் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கம் "வந்துருச்சு" என்றால் கோயம்புத்தூர்ப் பக்கம் "வந்துருச்சுங்", திருநெல்வேலிப் பக்கம் "வந்துட்டு". எந்தக் குரலை அதிகமாகக் கேட்டுப் பழகியதோ அதைத்தான் கம்ப்யூட்டர் நன்றாகப் புரிந்துகொள்ளும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2020ல் ஐந்து பெரிய கம்பெனிகளின் பேச்சைப் புரிந்துகொள்ளும் முறைகளைச் சோதித்தார்கள். வெள்ளைக்காரர்கள் பேசினால் நூறு சொல்லுக்கு 19 தப்பு வந்தது. கறுப்பின மக்கள் பேசினால் 35 தப்பு. இத்தனைக்கும் இரண்டு பேரும் பேசியது ஆங்கிலம்தான். எந்த மக்களின் குரலைக் குறைவாகச் சேர்த்தார்களோ அவர்களுக்கு இது சரியாக வேலை செய்வதில்லை. காட்டு வேலை செய்கிற, ஐம்பது வயதைத் தாண்டிய நம் கிராமத்துப் பெண்களின் குரலை யார் தேடி வந்து சேர்த்தார்கள் என்று நாங்கள் கேட்கிறோம்.

ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கும் ஏ.ஐ. ஃபார் பாரத் குழுவினர் 22 இந்திய மொழிகளில், மாவட்டம் மாவட்டமாகச் சாதாரண மக்களின் குரலைச் சேகரித்து வருகிறார்கள். மோசில்லா நிறுவனத்தின் காமன் வாய்ஸ் என்ற திட்டத்தில் தமிழும் இருக்கிறது. அதில் வருகிற வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் வாசித்துக் குரல் கொடுக்கலாம். வாசிக்கத் தெரிந்த இளம் உறுப்பினர்கள் விருப்பம் இருந்தால் முயற்சி செய்து பாருங்கள். குரலைப் பொதுவில் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

சொல்லுகிற பதிலையும் அப்படியே நம்பிவிட முடியாது. பூ விவசாயம் செய்கிற உறுப்பினர் ஒருவர் "நிலக்கோட்டை மார்க்கெட்டில் இன்னைக்கு மல்லி விலை என்ன" என்று கேட்டார். போன் ஒரு விலை சொன்னது. அதை நம்பிப் பறிப்பு ஆளுக்குப் பேசிவிட்டார். மார்க்கெட்டுக்குப் போனால் விலை பாதி. போன் வாசித்தது ஒரு முகூர்த்த நாளில் வந்த பழைய செய்தி! தேதியைச் சொல்லவே இல்லை. கமிஷன் கடைக்கு ஒரு போன் போட்டிருந்தால் சரியான விலை தெரிந்திருக்கும்.

பணம் விஷயத்தில் ஜாக்கிரதை

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு சகோதரிக்குப் பால் பணம் கணக்கில் ஏறவில்லை. போனைத் தொட்டு, "பேங்க் கஸ்டமர் கேர் நம்பர்" என்று கேட்டார். ஒரு நம்பர் வந்தது, போட்டார். எடுத்தவன் நல்ல தமிழில், "அம்மா, அம்மா" என்று மரியாதையாகப் பேசியிருக்கிறான். ஒரு ஆப் இறக்கச் சொன்னான். அது போனில் தெரிகிறதையெல்லாம் அவனுக்கும் காட்டுகிற ஆப். பிறகு வந்த ஓ.டி.பி.யையும் அவனே பார்த்துக்கொண்டான். 6,200 ரூபாய் போய்விட்டது. இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, திட்டுவார்களே என்று. அந்த இரண்டு நாளில் பணம் எங்கெங்கோ கை மாறிவிட்டது, திரும்பி வரவே இல்லை.

போலி நம்பரை உண்மையான நம்பர் மாதிரி இன்டர்நெட்டில் போட்டு வைப்பது இப்போது பெரிய மோசடித் தொழில். போன் அதைப் பிரித்துப் பார்க்காமல் எடுத்து நீட்டிவிடும். வங்கி நம்பர் வேண்டும் என்றால் பாஸ்புத்தகத்தைப் பாருங்கள், ஏ.டி.எம். கார்டின் பின்பக்கம் பாருங்கள். பணம் வருவதற்கு ரகசிய எண் போடவே தேவையில்லை, போகிறதற்கு மட்டும்தான் போட வேண்டும். அந்த எண்ணைப் போனிடம் கூட வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். ஏமாந்துவிட்டால் அந்த நிமிஷமே 1930க்குப் போன் போடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால் ஊக்குநரிடமோ எங்களிடமோ சொல்லுங்கள். நாங்கள் யாரும் திட்ட மாட்டோம்.

கேட்டது யார் கண்ணில் படும்?

எங்கோ இருக்கிற கம்பெனிக்காரன் கேட்பதைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். நம் வீட்டுக்குள்ளேயே யார் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி நம் உறுப்பினர்களுக்குத்தான் அதிகக் கவலை. போன் நம் கையில் இருந்தாலும் அதில் போட்டிருக்கிற கணக்கு பெரும்பாலும் மகன் பேரிலோ கணவர் பேரிலோ இருக்கும். நாம் போனிடம் கேட்ட கேள்விகள் அந்தக் கணக்கின் செயல்பாட்டுப் பக்கத்தில் வரிசையாக நிற்கும். கணக்கின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ அவர்கள் எந்த ஊரிலிருந்தும் பார்க்கலாம்.

ஒரு மருமகள், அடுத்த குழந்தையை இரண்டு வருஷம் தள்ளிப்போட என்ன வழி என்று போனிடம் கேட்டார். கொழுந்தன் பேரில் உள்ள கணக்கு. அவன் கண்ணில் பட்டு, மாமியாருக்குப் போய், வீடு ரெண்டுபட்டுவிட்டது. அவர் கேட்டதில் என்ன தப்பு? கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டிருந்தால் அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். போனுக்கு அந்த நாகரிகம் தெரியாது.

அவரவர் போனுக்கு அவரவர் பேரில் கணக்கு ஆரம்பியுங்கள், பாஸ்வேர்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்கில் பழைய தேடல்களை நாமே அழிக்கலாம். 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று கெடு வைத்துத் தானாக அழியும்படியும் செய்யலாம். வீட்டில் அடி உதை என்று ஆபத்தான நிலையில் இருக்கிறவர்கள் போனிடம் வழி கேட்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் போனிலிருந்தாவது 181க்குப் பேசுங்கள், அது பெண்களுக்கான உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கொசுறாக ஒன்று. இந்த உதவியாளர்கள் எல்லாம் ஏன் பெண் குரலிலேயே பேசுகின்றன என்று ஒரு கூட்டத்தில் கல்லூரியில் படிக்கும் உறுப்பினரின் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. யுனெஸ்கோ நிறுவனம் 2019ல் இதைப் பற்றி ஒரு அறிக்கையே போட்டது. ஏவினதைச் செய்கிற, திட்டினாலும் பணிவாகப் பதில் சொல்கிற ஒன்றுக்குப் பெண் குரலும் பெண் பேரும் வைத்தால், பெண் என்றால் இப்படித்தான் என்ற நினைப்பு இன்னும் ஊறிப்போகும் என்று அதில் கண்டித்திருந்தார்கள். 2021ல் ஆப்பிள், ஆங்கிலத்தில் பேசும் சிரிக்கு எந்தக் குரல் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே நம்மைக் கேட்கும்படி மாற்றியது. அலெக்சா என்று உண்மையாகவே பேர் வைத்த பெண் பிள்ளைகள் வெளிநாட்டில் பள்ளிக்கூடத்தில் படாத பாடு பட்டிருக்கிறார்கள், "அலெக்சா, தண்ணி கொண்டா" என்று கேலி செய்வார்களாம். நம்ம ஊரில் லட்சுமி என்று வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு குழுவில் மூன்று பேர் எழுந்து நின்றிருப்பார்கள்.

அந்தக் குழு எடுத்த தீர்மானம்

முதலில் சொன்னோமே, அந்தக் குழு அடுத்த வாரம் ஒரு தீர்மானம் போட்டது. கூட்டம் ஆரம்பித்ததும் எல்லாப் போனும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு அடுத்த அறையில் வைக்க வேண்டும். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்க, கொஞ்சம் சத்தம் ஆனது. கடைசியில், சுவரோரமாக ஒருவர் உட்கார்ந்து கூடையைப் பார்த்துக்கொள்வது, வாரம் ஒருவர் என்று முறை வைத்தார்கள். தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தோடு அடகு போன சகோதரி அன்றைக்குத்தான் 8,000 ரூபாய் கேட்டார். கொடுத்தார்கள். தோடு திரும்பி வந்துவிட்டது.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டம் முடிந்ததும் மதியம் 2 மணிக்கு மேல் போன் பயிற்சி வைத்திருக்கிறோம். எழுப்பும் சொல்லை அணைப்பது, நம் குரலைப் பழக்குவது, முதல் திரையில் படம் வைப்பது, பழைய தேடலை அழிப்பது எல்லாம் ஒவ்வொருவர் கையிலும் செய்தே காட்டுவோம். போனை முழுசாக சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். பாஸ்வேர்டு மகனிடம் இருந்தால் முதல் நாளே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்டால், மேடம் கேட்டாங்கன்னு சொல்லுங்க.